மெர்க்ஸ்தால் கோட்டை மரியாதையாகச் சரணடைந்தது

மெர்க்ஸ்தால் கோட்டையை ஒப்படைத்துவிடுவதென்று இரு தரப்பும் மனமார முடிவு செய்துவிட்டன. இருந்தும் எங்களால் சரணடைய முடியவில்லை. காரணம், மதில் சரியாக உடையவில்லை.

வெளியே பிரெஞ்சுக்காரன். உள்ளே நாங்கள் கடைசிக் குதிரையையும் தின்றுவிட்டு அதன் சேணத்தை வேகவைத்துக்கொண்டிருந்தோம். என் தங்கை புருஷன் லீவனுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அவனை உயிரோடு கொண்டுவருவதாகத் தங்கையிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

ஆனால் சரணடைவதற்கும் ஒரு முறை உண்டல்லவா? மதில் உடைப்பில் ஆயுதம் தாங்கிய ஒருவன் கையூன்றாமல் ஏறிவிட வேண்டும். அதற்கு முன்பே சரணடைந்தால் எங்கள் அரசரே கோட்டைத் தலைவரின் தலையை எடுத்துவிடுவார். எனவே தலைவர் பாட்வைன் எங்களையே ஏறிப் பார்க்கச் சொன்னார். போனவனெல்லாம் இடிந்து குவிந்த கல்மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். லீவன் படுத்தேவிட்டான்.

"ஒருத்தனாலயும் ஏற முடியல. அப்ப உடைப்பு போதாது," என்றார் தலைவர்.

"உடைப்பு தாராளமா இருக்குங்கய்யா. ரொட்டிதான் இல்ல," என்றேன்.

"விதியில ரொட்டியப் பத்தி ஒண்ணும் சொல்லலையேப்பா."

ஆகவே மேலும் பட்டினி கிடந்தோம். அதனால் மேலும் ஏற முடியாமல் போயிற்று. கடைசியில் தலைவர் பேச்சுவார்த்தைக்கு முரசடித்து, எதிரியிடமே ஒரு கொழுத்த ஆளை இரவல் கேட்டார். வந்தவன் பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே ஏறி, உச்சியில் நின்று ஏப்பம் விட்டான். உடைப்பு தகுதி பெற்றது.

மறுநாள் சகல மரியாதைகளுடன் புறப்பாடு. கொடி, முரசு, அப்புறம் தலைவர் முதல் கடைநிலைச் சிப்பாய் வரை ஒவ்வொருவர் வாயிலும் ஒரு துப்பாக்கிக் குண்டு. இன்னும் சண்டைக்குத் தயார் என்று அதற்கு அர்த்தமாம். இத்தனை நாள் கழித்து வாய்க்குக் கிடைத்தது ஈயம்.

வாசலில் எதிரி அதிகாரி ஒவ்வொரு வாயாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். லீவன் வாய் காலி.

"குண்டு எங்கப்பா?"

"முழுங்கிட்டேங்கய்யா. ரொம்ப நாள் கழிச்சு வாய்க்குள்ள ஒண்ணு வந்துச்சா, தொண்டை என்னையக் கேக்காம இழுத்துக்கிச்சு."

இரு தரப்பு அதிகாரிகளும் கூடி ஆலோசித்தார்கள். ஒப்பந்தப்படி குண்டு வாயில் இருக்க வேண்டும், வயிறு செல்லாது. குண்டு வெளியே வரும்வரை இவன் மானமிழந்த கைதி என்று தீர்ப்பாயிற்று. அது வெளியே வர ஏதாவது உள்ளே போக வேண்டுமே? உட்காரவைத்து ரொட்டியும் சூப்பும் கொடுத்தார்கள்.

எங்களுக்கு ஒன்றுமில்லை. மானத்தோடு போகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு அவமதிக்கக் கூடாதாம். அடுத்த கோட்டைக்கு நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை இரண்டாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான். தங்கைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியதில் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான்.

யாரும் பார்க்காதபோது நானும் என் குண்டை விழுங்கிப் பார்த்தேன். புரையேறியது. முன்னால் போனவனும் இருமினான், பின்னால் வந்தவனும் இருமினான். எல்லாருக்கும் முன்னால் தலைவர் பாட்வைன் கண்ணில் நீர் வர இருமிக்கொண்டு போனார். பாழாய்ப்போன மானம், ஒருத்தனுக்கும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.