மஃப்டியோடு போனவன்

கள்ளக்குறிச்சியில் எந்தத் தப்பும் செய்யாமல் ஆயிரம் பேருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் மஃப்டிதான். அவர் பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்தால் போதும். மறுநாளே உங்கள் மாமனார் வீட்டிலிருந்து ஆள் வந்து, "இன்னா கேஸு?" என்று விசாரிப்பார்.

சாதா உடுப்பில் வருகிற போலீஸ் என்று நினைத்து ஊர் வைத்த பெயர் அது; ஆனால் அவர் போலீஸ் இல்லை. சத்தியமாக இல்லை. அப்பளக் கம்பெனி ஏஜெண்டு. ஆனால் ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய கிராப்பு, மேல் உதட்டையே மறைக்கிற மீசை. போதாததற்கு அவருடைய மச்சான் நிஜப் போலீஸ். மச்சான் கழித்துப் போட்ட காக்கிப் பேண்ட்டும் பழுப்பு பூட்ஸும்தான் இவருக்கு வருஷம் முழுக்க உடுப்பு. "நல்லாத்தானே இருக்குது, தூக்கிப் போட மனசு வருமாபா?" என்பார்.

வெள்ளிமலை பஸ்ஸில் அவர் ஏறினால், டிக்கெட் எடுக்காதவனெல்லாம் தானாகக் காசை நீட்டுவான். கண்டக்டருக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். "வாங்க சார், முன்னாடி குந்துங்க" என்று இடம் பிடித்து வைப்பார். சந்தையில் கதை வேறு. மஃப்டி தலை தெரிந்ததும் பாதிக் கடை காலியாகிவிடும். அப்பளம் வாங்க வேண்டிய கடைக்காரரே தராசைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இவர் பின்னாலேயே, "யோவ் நில்லுய்யா, உளுந்து அப்பளம்யா!" என்று துரத்துவார். துரத்தினால் எவன் நிற்பான்?

உட்கார்ந்து பேசவே தெரியாது அவருக்கு. காலில் சக்கரம். நடந்துகொண்டேதான் பேசுவார். கேட்கிறவன் பாதியில் நழுவிவிடுவானோ என்ற பயத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடி என்றால் உடும்புப் பிடி. அந்த உருவம் ஒருவனை அப்படி இழுத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறையில் அவரோடு குடியிருந்த பாவி நான். லாரி ஆபீஸில் குமாஸ்தா வேலை போக மிச்ச நேரமெல்லாம் கைதாகிக்கொண்டிருந்தேன்.

அந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தியாகதுருகத்தில் மளிகைக் கடைக்காரர் மகள், கமலா. பஜ்ஜித் தட்டை நீட்டும்போது என் முழியைப் பார்த்துச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டினால் இவள்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன ராசி என்னுடையது. பதில் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையன் எப்படி என்று விசாரிக்கப் பெண்ணின் தாய்மாமன் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். வந்த மனிதர் கண்ணில் பட்டது, மஃப்டி என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே இழுத்துப்போன காட்சி. மிளகு அப்பளம் ஏன் ஜாஸ்தி எண்ணெய் குடிக்கிறது என்றுதான் அப்போது விளக்கிக்கொண்டிருந்தார். அது தாய்மாமனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துப் பீடாக் கடையில் கேட்டிருக்கிறார்.

"யாருங்க அது, பையனை இஸ்துகினு போறது?"

"அவுரா? மஃப்டிங்க."

ஒரே வார்த்தை. என் கல்யாணம் அதோடு நின்றுபோயிற்று.

தரகர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாபா இப்பிடிப் பண்ணிட்டே? உன்னைப் போலீசு புடிச்சிக்கினு போனதை மாமன்காரரு கண்ணால பாத்தாராமே! பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அறைக்குப் போய், "உங்க சகவாசமே வேணாம்ணே! எம் பொழப்பே போச்சு!" என்று கத்தினேன். வாய் ஓயாத மஃப்டி அப்பளப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் நேராகத் தியாகதுருகம் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

அங்கே நடந்ததைத் தரகர்தான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். மஃப்டி நுழைந்ததுமே தெரு கூடிவிட்டதாம். மளிகைக் கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுங்கியபடி வந்தாராம்.

"நான் போலீஸ் இல்லீங்க."

"மஃப்டியில வர்றவங்க எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க."

நிரூபிக்கிறேன் பேர்வழி என்று இவர் பையை அவிழ்த்து அப்பளக் கட்டுகளை எடுத்து அடுக்கியிருக்கிறார்.

"ஐயையோ, இது எங்க கடைச் சரக்கே இல்லீங்க சார்! எவன் போட்டுக் குடுத்தான்?"

மஃப்டிக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை. கொளுத்துகிற வெயிலில் நடுத்தெருவில் அப்படியே குந்திவிட்டார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவந்தாங்க கஞ்சி வெச்சிக் குடுத்துக்கினு கெடந்தான். எங்கூட இருக்கிறதுதான் அவன் பண்ண தப்புன்னா, நான் ரூமைக் காலி பண்ணிக்கினு ஊரை வுட்டே போயிடறேன். அவனைத் தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி அழுதாராம். அவ்வளவு பெரிய மீசை அழுதால் எப்படி இருக்கும்?

கெட்டது குடி என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். போலீஸ் வந்து வாசலில் அழுத வீட்டில் எனக்கு இனி எங்கே பெண் கொடுக்கப் போகிறார்கள்!

ஆனால் மறுவாரமே தாம்பூலம் மாற்ற நாள் பார்க்கச் சொல்லி ஆள் வந்தது. போலீஸ் சிபாரிசு வேலை செய்துவிட்டது என்று லாரி ஆபீஸில் கேலி பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கல்யாணத்தில் அப்பளம் பரிமாறுகிற பொறுப்பு மஃப்டிக்கு. அவர் வந்து நின்ற பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்கிற துணிச்சல் ஒருத்தருக்கும் வரவில்லை.

கல்யாணமான புதிதில் கமலாவிடம் கேட்டேன். "உங்க அப்பா எப்படித்தான் சம்மதிச்சாரு?"

"அவுரு எங்க சம்மதிச்சாரு? நான்தான் புடிவாதம் புடிச்சேன்" என்றாள். "உங்களைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? பஜ்ஜி துண்ணதுதான் தெரியும். கதவு சந்துல நின்னு உங்க மஃப்டியைப் பாத்தேன். இவ்ளோ நல்ல மனுஷன், ஒருத்தருக்காக இப்பிடி அழுவுறாருன்னா, அந்த ஆளும் நல்லவராத்தான் இருப்பாருன்னு தோணிச்சி. கட்டிக்கினேன்."

இத்தனை வருஷமும் அந்த நல்ல பெயரை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறேன். அவ்வளவு நல்லவன் நான் இல்லை; அவ்வளவு நல்லவராக இருந்தவர் எங்கள் மஃப்டிதான்.