நெயில்பாலிஷ் சாரும் பதிமூன்று சந்தனப் பொட்டும்

பொழிச்சலூரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த நெயில்பாலிஷ் சாரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஈரேழு பதினாலு லோகத்திலும் பார்க்க முடியாது. பல்லிக்குப் பயம், பிரஷர் குக்கருக்குப் பயம், தபால்காரர் பெல் அடித்தால் பயம். எங்கள் தலைக்கு மேலேதான் விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்கும். உச்சந்தலையை உரசிவிடும் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் மனிதர் குனிந்துகொள்வார்.

கார் என்றால் அவருக்கு உயிர். ஓட்டப் பயம், அதனால் வாங்கவில்லை. பதிலாக, தெருவில் யார் காரில் கீறல் விழுந்தாலும் கூப்பிடாமலே போய்ச் சரிசெய்து கொடுப்பார். ஆயுதம் நெயில்பாலிஷ்; நாற்பது புட்டி வைத்திருந்தார். கல்யாணமாகாத மனிதர் ஃபேன்சி ஸ்டோரில் நின்று, "இதைவிடக் கொஞ்சம் வெளிர் கலர் இருக்கா?" என்று கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட ஏது உலைமூடி! கலர் சரியா என்று தன் வீட்டு இரும்பு கேட்டில்தான் பூசிப் பார்ப்பார். அந்தக் கேட்டைப் பார்த்தால் அம்மை போட்டதுபோல இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனாரின் கிரீம் கலர் காரை அவர் பெற்ற பிள்ளையே தொட முடியாது. மாமனார் திருச்சிக்குப் போயிருந்த ஒரு நாள், கணவர் ஆபீஸ் கிளம்பியதும் சாவியை எடுத்தேன். பிறந்த வீட்டில் கார் ஓட்டிப் பழகிய கை. கேட்டைத் தாண்டுவதற்குள் 'கிர்ர்ர்' என்றது. தாழ்ப்பாள் பட்டு, பின்கதவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்தது. விஷயம் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

நெயில்பாலிஷ் சார் வந்து நின்றார். என்னைவிட அவருக்குத்தான் நடுக்கம்.

"உங்க மாமனார் எப்பம்மா வர்றாரு?"

"நாளைக்குக் காலைல சார். ஆயுதபூஜைக்கு."

"ஐயையோ! மூணு கோட் வெக்கணுமே. ஒவ்வொண்ணும் காயணும். ரெண்டு நாளாவது வேணுமேம்மா!"

சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். வெள்ளையில் ஒரு சொட்டு பழுப்பைக் கலந்து தீக்குச்சி முனையால் வைத்தார். குச்சியைப் பிடித்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. விமானம் வந்தால் மட்டும் இருவரும் குனிந்துகொண்டோம். அந்தப் பயமும் எனக்குத் தொற்றிவிட்டது.

சாயங்காலம்வரை விசிறியால் வீசினேன், வாயால் ஊதினேன். காயவில்லை. அவர்தான் வழி சொன்னார்.

"அதுமேல சந்தனம் குங்குமம் வெச்சுடும்மா. சாமி சமாசாரம், யாரும் கை வெக்க மாட்டாங்க. ஒண்ணு மட்டும் வெச்சா சந்தேகம் வரும். கார் பூரா வெச்சுடு."

பதிமூன்று பொட்டு வைத்தேன். காலையில் வந்த மாமனார் உருகிப்போனார். "மருமகள்னா இப்படி இருக்கணும்டா" என்று மகனிடம் அவர் சொன்னபோது நான் காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே நழுவினேன்.

மறுநாள் அவரே காரைக் கழுவினார். பன்னிரண்டு பொட்டும் ஒழுங்காகக் கரைந்தன. பின்கதவுப் பொட்டு மட்டும் காயாத பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

தெருவே அதிர்ந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போது அம்மை போட்ட கேட் கிறீச்சிட்டது. நெயில்பாலிஷ் சார் வந்தார். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"நான்தான் சார். என் குடை இடிச்சுடுச்சு. பயந்துபோய்ப் பூசி மறைச்சுட்டேன்."

அன்று அவர் வாங்கிய வசவை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. நடுவில் ஒரு விமானம் மிகத் தாழ்வாக இறங்கியது. அவர் குனியவில்லை.

அதன்பிறகு எங்கள் கேட்டைத் தவிர்க்க அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் மாமனாரே என் கையில் சாவியைக் கொடுத்தார்.

இன்றும் நான் ஓட்டுகிறேன். பொழிச்சலூர்ப் பக்கம் போகும்போது தலைக்கு மேல் விமானம் வந்தால், வண்டியை ஓரம்கட்டிவிட்டு அவருக்காக ஒருமுறை குனிந்துகொள்கிறேன்.