மரங்கொத்திக்கு ஒரு தாம்பூலத் தட்டு

குழந்தைக்குப் பெயர் வைப்பது எளிது. ஒரே தெருவில் பத்து முருகன் இருந்தாலும் பதினோராவது முருகன்மேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். மென்பொருளுக்கு அந்த வசதி கிடையாது. கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாத நாட்களில் இதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் குழு செய்திருந்த கருவி, புரோகிராம்களுக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடிப் பிடிக்கும். அதற்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையை மேனேஜர் ஷீஜா மேடம் என் தலையில் வைத்தார்.

"வேற ஆருடைய டிரேட்மார்க்கும் ஆகக்கூடாது, கேட்டோ. இது ஒழுங்கா முடிச்சா உன் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல கையெழுத்து."

நான் யோசித்த கம்பீரமான இங்கிலீஷ் பெயர்களை எல்லாம் யார் யாரோ முன்பே பதிவு செய்திருந்தார்கள். கடைசியில் 'மரங்கொத்தி' உதித்தது. அதுவும் பட்டைக்குள் பூச்சி தேடுகிற பறவைதானே. மலையாளத்திலும் அதே பெயர். தேடிப் பார்த்தால் ஒரே ஒரு மரங்கொத்திதான் பதிவில் இருந்தது: பெருங்காயம், சாலை பஜார்.

அது அப்பா மூட்டை தூக்கும் கடை.

கம்பெனி வக்கீல் போனில் சிரித்தார். "பெருங்காயம் வேற, சாஃப்ட்வேர் வேற. ஒரு பிரச்சினையும் இல்ல. அப்படியே விடு."

விட்டிருக்கலாம். (எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் 'அப்படியே விடு' என்றால் பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டதுபோல இருக்கும்.) வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஏல, அண்ணாச்சி பேர அவருட்ட கேக்காமலா எடுப்ப? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு மூட தூக்க?"

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டோடு சாலை பஜாருக்குப் போனோம். எனக்குப் புதுச் சட்டை வேறு. கடைக்கார அண்ணாச்சிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு. தட்டைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. அப்பா வியர்த்து வழிந்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்தார். அண்ணாச்சி நம்பாமல் திரும்பக் கேட்டார்.

"பேரு மட்டும்தான மாரியப்பா? வேற ஒண்ணும் இல்லல்லா?"

அந்த நிம்மதியில் எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்து, கடை சீல் குத்தி ஒரு கடிதமும் எழுதித் தந்தார். கண் கலங்கியிருந்ததால் நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. பெருமையோடு ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மீட்டிங். மரங்கொத்தி படம் போட்ட டி-ஷர்ட்டுகள் அச்சாகி வந்து மூலையில் காத்திருந்தன. அறை முழுக்கப் பெருங்காய வாசனை, கடிதத்திலிருந்துதான். அது தமிழில் இருந்ததால் போனில் இருந்த வக்கீலுக்கு நானே உரக்கப் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று.

'நம்ம மாரியப்பன் மகன் நல்ல பையன். அவன் உங்க ஆபீசில் இருக்கும்வரை மரங்கொத்தி உங்களுக்கு. அவனை நிறுத்திவிட்டால் பேரைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.'

வக்கீல் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். "கேக்காம இருந்திருந்தா பேரு நம்மளது. கேட்டு, இத வேற வாங்கி வச்சதுக்கப்புறம் தொட முடியாது."

"எடோ, நின்னோடு ஆரு பறஞ்ஞு போய்ச் சோதிக்கான்?" என்றார் ஷீஜா மேடம். (யார் உன்னைப் போய்க் கேட்கச் சொன்னது?)

"அப்பா" என்றேன். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். என் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாலையில் மேடம் கூப்பிட்டார். என் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இப்படி ஒரு ரெக்கமெண்டேஷன் லெட்டர் எனக்குக்கூட இதுவரை ஆரும் தந்திட்டில்ல."

கருவிக்கு இப்போது இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான் பெயர். டி-ஷர்ட்டுகளை அண்ணாச்சி கடைக்கே கொடுத்துவிட்டோம். சாலை பஜாரில் அப்பாவும் கூட்டாளிகளும் அவற்றைப் போட்டுக்கொண்டுதான் மூட்டை தூக்குகிறார்கள்.

சென்ற மாதம் அக்கா குழந்தைக்குப் பெயர் வைத்தோம். நான் பெயரைச் சொல்லி வாய்மூடவில்லை.

"யாருட்டயும் கேக்கணுமால?" என்றார் அப்பா.

அம்மா அதற்குள் தாம்பூலத் தட்டைத் துலக்க ஆரம்பித்திருந்தாள்.