ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே

அந்த அலுவலகத்தில் வேலை ஐந்து மணிக்கு முடியும். ஆட்கள் எட்டு மணிக்குத்தான் இருக்கையை விட்டு எழுவார்கள். நடுவிலுள்ள நேரத்துக்கு விசுவாசம் என்று பெயர். மேலாளர் தம் அறையை விட்டுக் கிளம்பும்வரை யாரும் நாற்காலியை அசைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதைக் கட்டிக் காத்தவர் தலைமை எழுத்தர். ஐந்து மணிக்கு மேல் ஒரு பழைய கோப்பின் நாடாவை அவிழ்ப்பார், கட்டுவார், மறுபடி அவிழ்ப்பார். நாடாதான் அவ்வப்போது இற்றுப்போகும். மகள் பள்ளியில் மேடையேறியதை அவர் புகைப்படத்தில் பார்த்திருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வந்த பெண் முதல் நாளே ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"வீட்டுக்கு சார். வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சா போயிடறதா? உங்க தலைமுறைக்கே உடம்பு வணங்காது. மேலாளர் இன்னும் உள்ளே இருக்காரே, கண்ணு தெரியலையா?"

"அவர் ஏன் சார் போகல?"

அந்தக் கூடத்தில் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. தலைமை எழுத்தர் கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினார். அவளோ நேரே மேலாளர் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கேட்டுட்டேன் சார். 'இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா எழுந்து போறது?'ங்கிறார். பாவம், குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு உங்களுக்காகத்தான் காத்திருக்கார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நியாயமாக எல்லாரும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஒருவரும் குதிக்கவில்லை. ஐந்து மணிக்கே போயிருக்கலாம் என்றால், போகாமல் கழித்த அத்தனை வருஷத்துக்கும் இனி என்ன பெயர் வைப்பது? பொருத்தமான பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குடிக்கத் தண்ணீர் வராதபோதுகூட ஒன்று சேராத ஊழியர்கள் அன்று ஒன்று சேர்ந்தார்கள். மேலாளர் அறைக்குள் எல்லாருக்கும் முன்னால் தலைமை எழுத்தர் நின்றார்.

"சார், எட்டு மணிவரைக்கும் இருந்தே ஆகணும்னு நீங்க உத்தரவு போடணும்."

"எதுக்கய்யா? வேலைதான் இல்லையே!"

"வேலைக்கு இல்லை சார். எங்க மானத்துக்கு."

மேலாளர் உருகிப்போனார். 'ஊழியர்களின் நீண்டநாள் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலித்து' மறுநாளே உத்தரவு ஒட்டப்பட்டது. கூடம் கைதட்டியது. புதிய பெண் அதை நிதானமாகப் படித்தாள்; ஐந்து மணிக்குப் போனவள் பிறகு வரவேயில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்கேயும் நிலைக்காதுங்க" என்று தலைமை எழுத்தர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள். அவளும் அந்த மாதம்தான் வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அப்பா, வேலை எப்பவோ முடிஞ்சுது. எங்க மேலாளர் எழுந்திருக்கலைன்னு யாரையும் விட மாட்டேங்கிறாங்க."

தலைமை எழுத்தருக்கு ரத்தம் கொதித்தது.

"உன்னை என்ன அடிமைன்னு நினைச்சுட்டாங்களா? எந்த மடையன் போட்ட சட்டம் அது? பையை எடுத்துக்கிட்டு எழுந்து வாம்மா!"

விஷயம் தெரிந்து கூடமே பொங்கியது.

"அநியாயமா இருக்கே!" என்றார் பக்கத்து மேசைக்காரர். "விடாதீங்க சார். நேர்ல போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க."

"போகத்தான் போறேன்" என்றார் தலைமை எழுத்தர், கோப்பின் நாடாவை அவிழ்த்தபடி. "எட்டு மணி ஆகட்டும்."