சம்பந்தியை வாசலில் நிறுத்திய இலவச மென்பொருள்

பிரிக்பீல்ட்ஸ்,
16-8-1998

கிள்ளானில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெயராஜ் அவர்களுக்கு, அம்புரோஸ் மிகுந்த தயக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் சாந்தமேரியும் சுகம். தங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாவின் முழங்கால் சுகத்தையும் தொலைபேசியில் விசாரித்திருப்பேன். மூன்று வாரமாக என் குரல் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவதால் தபால்தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

கல்யாண விருந்தன்று மண்டப வாசலில் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அது எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே. என் மூத்தவன் கல்யாணத்தில் அழைக்காத தொண்ணூறு பேர் வந்து உட்கார்ந்து, அழைத்தவர்களுக்கு ரசம் மட்டும் மிஞ்சியது. மகள் மார்க்கிரட்டின் கல்யாணத்தில் அப்படி ஆகக்கூடாது என்றுதான், உள்ளங்கையில் அடங்குகிற கணினி ஒன்றை வாங்கி, பெயரைத் தட்டினால் அழைத்தவரா இல்லையா என்று சொல்லும்படி நானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன். ரயில்வே ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் பட்டியல் எழுதியவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்ற திமிர்தான். எழுதலாம் என்றால் அதற்கு ஒரு மென்பொருள் வேண்டுமாம். இம்பி பிளாசாவில் ஒரு கணினிக் கடைக்காரர் முதலில் காட்டியது பெரிய பெட்டி, உள்ளே நான்கு புத்தகம்; விலை அந்தக் குட்டிக் கணினியைவிடக் கூடுதல். இரண்டாவது முழுக்க இலவசம், ஆனால் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டால்தான் ஓடும் என்றார். போட்டேன். பழையது எல்லாம் அழிந்தது, சாந்தமேரி பாடகர் குழுவுக்காகத் தட்டி வைத்திருந்த நூற்றுப்பத்துப் பாட்டும் சேர்ந்து அழிந்தது, நான்கு நாள் எனக்கு வீட்டில் சோறு மட்டும்தான், குழம்பு இல்லை. அதையும் கைவிட்டேன். மூன்றாவதுதான் பேசிக் என்ற மென்பொருள். இன்டர்நெட்டில் இறக்கிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிடித்தால் பணம் கட்டலாம்.

"அங்கிள், இது சும்மா லா! பணம் கட்டாத வரைக்கும் மேலே ஒரு வரி வரும், அவ்ளோதான். யாரு பாக்கப் போறா?" என்றார் கடைக்காரர்.

நான் "பேசிக்" என்று சொல்லும்போதெல்லாம் மாப்பிள்ளை பேசில் வந்துவிட்டாராக்கும் என்று சாந்தமேரி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். அந்தச் சிரமத்திலும் இரண்டு மாதத்தில் முடித்தேன். முந்நூற்று இருபது பெயர். எந்தப் பெயரைத் தட்டினாலும் கீழே மேசை எண் வரும். மேலே கொட்டை எழுத்தில், 'பதிவு செய்யப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் வரும். மென்பொருளுக்கு நான் பணம் கட்டவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். வாசலில் நிற்க ஒப்புக்கொண்ட தம்புசாமிக்குத் தெரியாது. அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவர், முதல் வரிக்குக் கீழே எதையும் படித்துப் பழக்கமில்லாதவர்.

முதலில் வந்தவர்களை நானே பார்த்து உள்ளே அனுப்பிவிட்டு, கணினியை அவரிடம் கொடுத்துச் சமையல்கட்டுக்குப் போயிருந்தேன். கோயிலிலிருந்து உங்கள் ஊர்வலமே வந்து நிற்கிறது.

"மாப்பிள்ளை பேரு?"

"பேசில்."

"ரெஜிஸ்டர் ஆகலியே. ஓரமா நில்லுங்க தம்பி."

"என்னது ரெஜிஸ்டர் ஆகலியா? இப்பதானே ஃபாதர் முன்னால கையெழுத்துப் போட்டுட்டு வரோம்!" என்று சம்பந்தியம்மா சத்தம் போட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியாதும்மா. மெஷின் சொல்லுது."

செந்தூலில் பிறந்த உங்கள் அண்ணனோ தன்னைக் குடியுரிமை இல்லாதவர் என்கிறார்கள் என்று எண்ணி, "டேய், என் ஐசி நீலம்டா!" என்று குடிமக்களுக்கு மட்டும் தரும் நீல அடையாள அட்டையை உருவிக் காட்ட, பின்னால் நின்ற அறுபது பேரும் ஆளுக்கொரு நீல அட்டையை உயர்த்திக்கொண்டு நின்றார்களாம். நான் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தபோது, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பதிவே ஆகவில்லை என்ற பேச்சு ஐந்தாவது மேசை வரை போய்விட்டது. நீங்கள் பிரியாணியைத் தொடாமல் எழுந்து கொமுட்டர் ரயில் ஏறியது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. மார்க்கிரட் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள். போன கிழமை, "அப்பா, நான் யாருக்குப் போன் பண்ணாலும் ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறாங்க," என்று அழுதாள். அவளுக்காகவாவது தாங்கள் மனம் இறங்க வேண்டும். தப்பு முழுவதும் என்னுடையது. மலிவாகக் கிடைத்ததைத் தேர்ந்தெடுத்தது என் புத்தி. பணம் கட்டிவிட்டேன், அந்த வரி இனி வராது. வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள், வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள்.

தங்களையும் சம்பந்தியம்மாவையும், முக்கியமாக அண்ணனையும், ஆண்டவர் எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும்.

தலைகுனிந்து,
அம்புரோஸ்

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது ஷா ஆலமிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அந்தக் கணினியிலேயே 'அட்ரஸ்' என்று ஒரு பகுதி உண்டல்லவா? அதைச் செய்த கம்பெனியின் விலாசம் என்று எண்ணி நான் தொட்டதே இல்லை. முந்நூற்று இருபது பெயரையும் அதில் போட்டுத் தேடிக்கொள்ளலாமாம். நிரலும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்தத்தன்றே தெரியுமாம். "மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு," என்கிறார். பெரியவர்களுக்கு எதிரில் வாயைத் திறக்கக்கூடாது என்று பிள்ளையை வளர்த்தது தாங்கள்தானே? ஆகவே மேலே உள்ளதைத் தாங்கள் எனக்கு எழுதியதாக வைத்துப் படித்துக்கொள்ளவும். நான் மன்னித்துவிட்டேன்.