ஆன்மா வடிகட்டும் தட்டு

இத்தாலியில் மோந்தேரூஃபோ ஊரில் உள்ள, ரோமானியருக்கும் முந்திய எத்ருஸ்கன் மக்களின் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு இரண்டு அறைகள், ஓர் இயக்குநர், ஒரு காவலர் உண்டு. பார்வையாளர்கள் உண்டா என்பது ஆண்டறிக்கையில் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

இயக்குநர் உபால்தோ செக்கரெல்லி டாக்டர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தது இரண்டாம் அறையின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் உள்ளங்கை அகல வெண்கலத் தட்டு. ஊருக்கு மேற்கே ஒரு பிரபுவின் கல்லறையில் கிடைத்தது. தட்டு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள். அவர் ஆராய்ச்சி செய்த காலத்தில், பூமிக்குள்ளிருந்து எது வந்தாலும் அதைச் சடங்குப் பொருள் என்று சொல்வதுதான் நாகரிகம். ஊசி எடுத்தால் சடங்கு ஊசி, பானை எடுத்தால் சடங்குப் பானை. ஒரு நாயின் தாடை எலும்பை வைத்தே ஒருத்தர் பேராசிரியர் ஆகிவிட்டார். உபால்தோவும் தன் பங்குக்கு, இறந்தவரின் ஆன்மா இந்த நூற்றுப் பதினேழு ஓட்டைகள் வழியாக வடிந்து, கசடு நீங்கி மறுவுலகம் போனது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்காததுதான் அதற்குக் காரணமோ என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நவம்பரில் ஒரு சந்தை நாளன்று மழை பிடித்துக்கொண்டது. செம்மறியாட்டுப் பாலில் பாலாடைக்கட்டி செய்து விற்கும் ஓர்தென்சியா என்ற அறுபது வயது அம்மாள் கூடையோடு உள்ளே ஒதுங்கினார். ஒன்பது நாளில் வந்த முதல் பார்வையாளர் என்பதால் இயக்குநரே கூட நடந்து எல்லாவற்றையும் காட்டினார். வெண்கலத் தட்டுக்கு முன்னால் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"டாக்டர், இது எங்க வீட்லயும் இருக்கு."

"இருக்காதும்மா. உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"சமையக்கட்டுல ஆணியில தொங்குது. சீஸ் துருவுறது."

உபால்தோ புன்னகை செய்தார். படிக்காதவர்கள்மேல் படித்தவர்களுக்கு வருகிற கருணைப் புன்னகை அது. ஓட்டைகளின் விளிம்பு ஒரு பக்கமாக மேலே துருத்தியிருப்பதைக் காட்டி, வடிந்த ஆன்மா திரும்பி வந்துவிடாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று விளக்கினார்.

"அதுலதானே சீஸ் உரசும்," என்றார் ஓர்தென்சியா. மழை விட்டதும் கிளம்பிப் போனார்.

மதியம் வீட்டில் பாஸ்தாவின்மேல் வழக்கம்போலப் பாலாடைக்கட்டியைத் துருவிக்கொண்டிருந்த உபால்தோவின் கை பாதியில் நின்றது. துருவியைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகள். விளிம்பு ஒரு பக்கமாக மேலே துருத்தியிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் கையில் பிடித்த சாமானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. அன்றைக்குப் பாஸ்தா ஆறிப்போனது.

மூன்று நாள் அவர் தன் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் திரும்பப் படித்தார். நான்காம் நாள் காவலர் நெல்லோவிடம் விஷயத்தைச் சொன்னார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்த நெல்லோ, முப்பது வருஷமாக ஆன்மாவை வடித்த தட்டு இன்னும் இரண்டு வருஷம் வடித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். ஆனால் உபால்தோவுக்கு நேர்மை என்ற காய்ச்சல் கண்டிருந்தது. பெட்டியின் விளக்க அட்டையில் 'சடங்குப் பொருள்' என்பதை அடித்துத் 'துருவி' என்று எழுத அனுமதி வேண்டி, ஓர்தென்சியாவைச் சாட்சியாகக் காட்டி மேலதிகாரிகளுக்கு எழுதினார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அரசு உடைமையின் பயன்பாட்டை மாற்ற இயக்குநருக்கு அதிகாரமில்லை. சாட்சியின் கல்வித் தகுதிச் சான்றிதழை இணைக்கவும். சாட்சி நாற்பது வருஷமாகத் துருவி வருகிறார் என்று உபால்தோ எழுதினார். அனுபவம் சான்றிதழ் ஆகாது என்று மறுபதில். எனினும் கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாலும், பரிசீலனை முடியும்வரை அந்தப் பொருள் சடங்குப் பொருளாகவும் சமையல் பாத்திரமாகவும் ஒருசேரக் கருதப்பட வேண்டியதாலும், கோப்பின் ஒரு நகல் சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்டது.

சுகாதார ஆய்வாளர் எர்மானோ மிகவும் மரியாதையான மனிதர். கையுறை மாட்டிக்கொண்டு படிவத்தைத் திறந்தார்.

"கடைசியா இதை எப்போ கழுவினீங்க?"

"கி.மு. ஆறாம் நூற்றாண்டுல," என்றார் நெல்லோ.

"தேதி வேணும்."

உபால்தோ யோசித்து, வசந்த காலமாக இருக்கலாம் என்றார். ஆய்வாளர் குறித்துக்கொண்டார். பிறகு பெட்டியருகே குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். சமையல் பாத்திரத்தில் களிம்பு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. போதாக்குறைக்கு அடுத்த பெட்டியில் யாரோ ஒருவரின் சாம்பல். முப்பது நாளுக்குள் தொட்டி கட்டிக் குழாய் போட வேண்டும், அல்லது இது சமையல் பாத்திரம் அல்ல என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டும். தவறினால் அருங்காட்சியகம் நிரந்தரமாக மூடப்படும். இப்படிச் சொல்லி, அதுவரைக்கும் என்று வாசற்கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

குழாய் போடத் தரையைத் தோண்ட வேண்டும். அந்த ஊரில் முழங்கால் ஆழம் தோண்டினால் ஒரு கல்லறை வரும். கல்லறை வந்தால் ஏழு வருஷம் வேலை நிற்கும். உபால்தோ நெல்லோவின் முகத்தைப் பார்த்தார். நேர்மைக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தான் தவறு செய்துவிட்டதாக எண்ணியது தவறு என்று உடனே எழுதி அனுப்பினார். சாட்சியும் அவ்வாறே எழுத்தில் பின்வாங்கினால் கோப்பை மூடிவிடலாம் என்று பதில் வந்தது, இம்முறை மூன்றே நாளில்.

இதற்குள் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது: ஆன்மாவை வடிகட்டும் தட்டுக்குப் பூட்டு. நகரங்களில் அப்போது மனசைச் சுத்தம் செய்துகொள்வதுதான் நாகரிகம். மூச்சு, உப்பு, களிமண் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள் கார் காராக வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே கண்ணை மூடி நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் உபால்தோ சந்தைக்குப் போனார். உண்மை சொன்ன ஒரே ஆளிடம் பொய்க்குக் கையெழுத்துக் கேட்கப் போகிறோம். அந்த அம்மாள் காறித் துப்பினாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பது என்று வழியெல்லாம் மனசைத் தயார்செய்தார்.

ஓர்தென்சியா காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் கடையில் பாலாடைக்கட்டிக்கு மேலே தகரத் துருவிகள் சரம் சரமாகத் தொங்கின.

"ஆன்மா வடிகட்டி," என்றார். "டவுன்காரங்க ஆளுக்கு ரெண்டு வாங்கிட்டுப் போறாங்க. உங்க புஸ்தகத்துலேர்ந்து நாலு வரி அட்டையில எழுதிக் குடுங்களேன்."

"அம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். உங்களுக்கும்தான் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா டாக்டர், போன வாரம் ஒருத்தி வந்து, துருவினதுலேர்ந்து நல்லாத் தூக்கம் வருதுங்கறா. எனக்கே சந்தேகமாப் போச்சு. நேத்து நானும் சும்மா ரெண்டு துருவு துருவிப் பார்த்தேன்."

உபால்தோ நான்கு வரி எழுதிக் கொடுத்தார்.

முத்திரை அகன்றது. வரிசையை ஒழுங்குபடுத்த நெல்லோ ஒரு விசில் வாங்கிக்கொண்டார். தட்டின் முன்னால் கண்மூடி நிற்க ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று விதி செய்யப்பட்டது. நிற்கிறவர்கள் தங்கள் கோட்டுகளைக் கழற்றி, பக்கத்தில் இருந்த இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக் கல் சவப்பெட்டிமேல் போட்டார்கள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் ஆய்வாளர் எர்மானோ நின்றார். கையுறை இல்லை, படிவம் இல்லை. மூன்று நிமிஷமும் கண்ணை இறுக்க மூடியிருந்தார். கண்ணோரம் லேசாகக் கசிந்தது. பிறகு உபால்தோவிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு தடவை வடிச்சாப் போதுமா டாக்டர், இல்ல வாரா வாரம் வரணுமா?"

உண்மை உபால்தோவின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே சற்று நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"உங்க உத்தியோகத்துக்கு வாரா வாரம் வர்றதுதான் நல்லது," என்றார். "திங்கட்கிழமை மட்டும் விடுமுறை."

சொன்னபோது தன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதை அவரே கவனித்தார். அப்புறம், நெல்லோ அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.