ஓரகத்தியின் கன்னம்

"முகத்துல இதுக்கு முந்தி ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று மதுரை லேசர் டாக்டர் கேட்டார்.

"முகத்துலயா? மஞ்சளத் தவிர எதுவும் பட்டதில்ல டாக்டர்" என்றாள் வஞ்சுளவல்லி.

பச்சைப் பொய். ஒன்பது நாளைக்கு முன்புதான் ராஜபாளையத்துக்கு வந்துபோகும் ஒரு டாக்டரிடம், சுருக்கத்தை நிரப்ப இரண்டு கன்னத்திலும் ஊசி போட்டிருந்தாள். இடது கன்னம் மட்டும் தூக்கலாக நின்றுவிட்டது. அதைச் சமன் செய்யத்தான் இந்த லேசர். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் பக்கத்தில் நின்று குறிப்பெழுதும் நர்ஸ் ஞானபாக்கியத்துக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சாயங்காலத்துக்குள் சேதி சௌந்தரவல்லி காதுக்குப் போய்விடும்.

சௌந்தரவல்லி அவளுடைய ஓரகத்தி. எட்டு வயசு மூத்தவள். இரண்டு மாதமாக அவள் கன்னம் பூரி மாதிரி உப்பி, கோடெல்லாம் மறைந்து போயிருந்தது. ஒரு வளைகாப்பு வீட்டில் எவளோ ஒருத்தி இருவரையும் பார்த்துவிட்டு வஞ்சுளவல்லியிடம், "நீங்கதான் மூத்தவுகளா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வயிறு எரிகிறது. மகன் யதிராஜன் கல்யாணம் வேறு வருகிறது. வீடியோவில் அவள் மாப்பிள்ளைக்கு அம்மாவாகத் தெரிய வேண்டும், பெரியம்மாவுக்கு அக்காவாக அல்ல.

"என்னக்கா பண்ணுனீக?" என்று கேட்டும் பார்த்தாள்.

சௌந்தரவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ராஜபாளையத்துல ஒரு டாக்டரு. ஊசி போட்டாக. வெளிய சொல்லிராத" என்றாள். அது போதாதா?

லேசர் வைத்த மூன்றாம் நாள் முகம் செக்கச் சிவந்தது. இடது கன்னம் இறங்கவில்லை, வலது கன்னமும் சேர்ந்து வீங்கியது. ஐஸ் வைத்தாள், நீர் கோத்தது. பவுடர் அப்பினாள், தோல் உரிந்தது.

"ஏட்டி, தேனீ கொட்டிருச்சா?" என்றார் கணவர் சாரங்கபாணி.

"ஒங்க மதினிய மட்டும் யாரும் இப்படிக் கேக்க மாட்டேங்காகளே!"

வேறு வழியில்லாமல் மதுரைக்கே போய் உண்மையைக் கக்கினாள்.

"ஊசி போட்டது அடங்கக்கூட விடாம லேசரா? இதுக்குத்தாம்மா முதல்லயே கேட்டேன்!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். களிம்பு கொடுத்தார். பவுடர் கூடாது, வெயில் கூடாது.

அதிலிருந்து நாலாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். ஆண்டாள் கோயில் மாலை வந்து சேர்ந்ததும், வஞ்சுளவல்லி சேலைத் தலைப்பை முகத்தில் போர்த்திக்கொண்டு மேடையேறினாள். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார்.

"ஆச்சி, செத்த தள்ளி நில்லுங்க. மாப்பிள்ளையோட அம்மா நிக்கட்டும். நீங்க வாங்கம்மா!"

அவர் கை காட்டியது சௌந்தரவல்லியை. அவளும் கூச்சமே இல்லாமல் வந்து நின்றாள். வஞ்சுளவல்லிக்கு அழுகை முட்டியது. கண்ணீர் பட்டால் கன்னம் எரியும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் சாப்பிட்டு முடித்த வேல்சாமி, கும்பிட்டபடியே வந்தார். ராஜபாளையத்துப் பல் டாக்டரிடம் கம்பவுண்டர் அவர். சௌந்தரவல்லியின் இலையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, முறுக்கத் தொடவே இல்ல? புதுசா வச்ச பல்செட்டு இன்னும் கன்னத்தத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கா? நாளைக்குக் கொண்டாங்க, ராவிக் குடுத்துருவோம்!"